மூன்றாம் காட்சியில் இல்லாதவள்

செபமாலையம்மாள் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தது அவளுடைய முழங்கால்.

மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள் அவள். எந்தச் சரிவில் எந்தக் கல் வழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். போன வருஷம் மழைக்காலத்தில் இடது முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. தனியாகக் கஷ்டப்படுகிறதே என்று வலது முட்டியும் அதோடு சேர்ந்துகொண்டது. வயது ஐம்பத்தொன்று, ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம். புருஷன் மரியஜோசப் செத்து ஆறு வருஷமாகிறது. எஸ்டேட்டில் லயத்து வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது; வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அவளுக்கு வேறு கூரை கிடையாது.

அந்த நேரத்தில்தான் மானேஜர் ஒரு நல்ல காரியம் செய்தார். சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்தித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்ளும் வளைவில் எஸ்டேட் ஒரு டீ கவுண்டர் திறக்கப்போகிறது, ஒரு ஆள் போதும், செபமாலைக்கே தரலாம் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுக்கிற வேலை. உட்கார்ந்து என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மானேஜர் கூடவே இன்னொன்றும் சொன்னார். புதிய உத்தரவுப்படி, வெளியாட்களோடு பழகும் வேலைக்கு மலைநாட்டு ஆங்கிலச் சொல்வள மிஷனின் சர்ட்டிபிகேட் வேண்டும். அது இருந்தால் வேலை. இல்லாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மிஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மலைநாட்டு மக்களுக்கு ஆங்கிலம் தரவே பிறந்த இந்த அமைப்பின் தலைமை அலுவலகம் பாலக்காட்டுச் சமவெளியில், கஞ்சிக்கோட்டில், மூடிப்போன ஒரு ஆணி கம்பெனியின் மாடியில் இருந்தது. மலையில் ஏன் வைக்கவில்லை என்றால், மலையில் குளிர் அடிக்கும். குளிர் அடிக்கிற இடத்தில் ஏசிக்கு ஒதுக்கிய நிதி வீணாகிவிடும். பத்துப் பன்னிரண்டு ஊழியர்கள், ஒரு ஜீப், ஒரு கொள்கை. வார்த்தையைப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், பழங்காலக் கதைப் படத்தின் காட்சியில் பார்த்தால் சாகும்வரை மறக்காது என்பதுதான் அந்தக் கொள்கை.

அதன்படி சீமையில் எடுத்த ஒரு பழைய படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தின ஒரு பிரபு குடும்பத்தின் கதை. முழுப் படத்துக்கு அனுமதி வாங்க நிதி போதவில்லை. நான்கு காட்சிகளுக்கு மட்டும் வாங்கினார்கள். காட்சிக்கு மூன்று நிமிஷம். ஆக, பன்னிரண்டு நிமிஷத்துக்குள் முந்நூறு வார்த்தை. ஒவ்வொரு காட்சியையும் நாற்பது தடவை பார்க்க வேண்டும் என்பது விதி. நாற்பது என்ற கணக்கு எப்படி வந்தது என்று மிஷனிலேயே யாருக்கும் தெரியாது. ஆனால் முப்பத்தொன்பதோடு நிறுத்த யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியின் பின்னறையில், மருந்து நெடிக்கு நடுவே வகுப்பு ஆரம்பித்தது. முப்பது பேர் இல்லாமல் வகுப்பு நடத்தக்கூடாது என்பதால், வந்தவர்களுக்கு அரைநாள் ஆஜர் போடுவதாக மானேஜர் ஒப்புக்கொண்டார். அரைநாள் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்க்கலாம் என்றதும் மேல் டிவிஷன் பெண்கள் மொத்தமாக வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மதலேனம்மாள் தலையணையோடு வந்தாள். பாடம் நடத்த மிஷன் அனுப்பியது ஜோபியை. கீழ் டிவிஷன்காரன்தான், படித்துக் கஞ்சிக்கோட்டில் வேலைக்குச் சேர்ந்தவன். வகுப்புக்குள் அவனை எல்லாரும் சார் என்றார்கள். வெளியே வந்தால் தம்பி என்றார்கள். அவனுக்கு இரண்டுமே கூச்சமாக இருந்தது.

முதல் காட்சியில், கோயிலைவிடப் பெரிய ஒரு வீட்டு வாசலில் குதிரைவண்டி வந்து நிற்கிறது. பொத்தான் வைத்த கோட்டுக்காரன் ஒருவன் குனிந்து, “யுவர் லார்ட்ஷிப், தி கேரியேஜ் அவெய்ட்ஸ்” என்கிறான். இரண்டாம் காட்சியில், குதிரையில் வந்த ஓர் இளைஞனோடு பிரபுவின் மகள் நடனம் ஆடுகிறாள். கூரையிலிருந்து ஒரு பெரிய விளக்குக் கொத்து தொங்குகிறது. அதற்குப் பெயர் ஷாண்டலியர். மூன்றாம் காட்சியில் பிரபு வீட்டு வரவேற்பறையில் டீ விருந்து. நான்காம் காட்சியில் பிரபுவின் மகள் ஏரிக்கரையில் ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு அழுகிறாள். அவ்வளவுதான். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, அவளுக்குக் கல்யாணம் ஆனதா, குதிரையில் வந்த ஆள் எங்கே போனான், இதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே.

முப்பது பெண்களுக்கு அது பெரிய வேதனையாகிவிட்டது. ஒரு பெண்ணை நாற்பது தடவை அழவிட்டு, ஏன் என்று சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் யாருக்குத்தான் தூக்கம் வரும். ஜோபியைக் கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை. கஞ்சிக்கோட்டுக்கு போன் போட்டுக் கேட்டான். அங்கேயும் யாரும் முழுப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அலுவலக நேரத்தில் அனுமதியில்லாத காட்சியைப் பார்ப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. கடைசியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களே கூடிப் பேசி முடிவுக்கு வந்தார்கள். குதிரைக்காரனுக்கு அடிமாலிப் பக்கம் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. அதை யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது மதலேனம்மாள். அதற்குப் பிறகு நான்காம் காட்சியை எல்லாரும் நிம்மதியாகப் பார்த்தார்கள்.

வார்த்தைகளும் மெல்ல ஒட்டிக்கொள்ளத்தான் செய்தன. கொழுந்து ஏற்றும் டிராக்டர் கேரியேஜ் ஆனது. பாக்டரியின் டியூப் லைட்டு ஷாண்டலியர் ஆனது. ஒருநாள் விடிகாலையில் பெண்கள் மலைக்குப் போகும் பாதையை மறித்துக் காட்டானை ஒன்று நின்றது. யாரும் அசையவில்லை. மதலேனம்மாளுக்குப் பயத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. குனிந்து, “யுவர் லார்ட்ஷிப், தி கேரியேஜ் அவெய்ட்ஸ்” என்றாள். ஆனை காதை ஒருமுறை அசைத்துவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனது. ஜோபி இதை மாத அறிக்கையில் எழுதினான். மிஷன் அதை “பொதுவெளியில் வெற்றிகரமான சொற்பயன்பாடு: ஒன்று” என்று பதிந்து, ஆனையின் பெயர், வயது, முகவரி கேட்டு ஒரு படிவம் அனுப்பியது.

பிறகு சூழல் ஆடை வந்தது. பழங்கால உடுப்பு போட்டால்தான் பழங்கால வார்த்தை நாக்கில் நிற்கும் என்று கஞ்சிக்கோட்டில் யாருக்கோ தோன்றிவிட்டது. பூ வைத்த தொப்பி முப்பது, முழங்கைவரை வரும் வெள்ளைக் கையுறை முப்பது ஜோடி வந்து இறங்கின. தொப்பியில் மழைத் தண்ணீர் தேங்கியது. கையுறை மட்டும் பெண்களுக்குப் பிடித்துவிட்டது. மார்கழிக் குளிரில் விரல் விறைக்காமல் கொழுந்து கிள்ள அதைப்போல ஒன்று இதுவரை யாரும் தந்ததில்லை. ஒரே வாரத்தில் முப்பது ஜோடியும் தேயிலைக் கறையில் கறுத்துப்போயின. பிரபு வீட்டுப் பெண்களின் கையுறை எந்தச் சூழ்நிலையில் கறுப்பானது என்று விளக்கம் கேட்டு மிஷன் கடிதம் போட்டது. நிறைய வேலை செய்ததால் என்று ஜோபி பதில் எழுதினான். அந்தப் பதிலை மிஷனால் புரிந்துகொள்ள முடியவில்லை.

செபமாலையம்மாள் இந்தக் கூத்தில் எல்லாம் அதிகம் கலந்துகொள்ளவில்லை. மற்றவர்களுக்கு அது அரைநாள் ஓய்வு. அவளுக்கு அது வீடு. அவள் முன் வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். வயதான மண்டையில் வார்த்தை ஏறவில்லை. இன்ஹெரிட்டன்ஸ் என்பதைச் சொல்வதற்குள் அவளுக்குப் பல் கூசியது. முதல் மாதத் தேர்வில் முந்நூறுக்குப் பதினொன்று. இரண்டாம் மாதம் ஒன்பது.

அவளைக் கெடுத்தது மூன்றாம் காட்சி. அதில் பிரபுவையும் சேர்த்துப் பதினோரு பேர். பத்துப் பேர் ஒவ்வொருவராக உள்ளே வர, பிரபு ஒவ்வொருவரிடமும் கையை நீட்டி, இழுத்து, “ப்ரே, பி சீட்டட்” என்கிறார். தயவுசெய்து உட்காருங்கள் என்று அர்த்தம். பத்துப் பேர், நாற்பது தடவை, ஆக நானூறு தடவை அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதில் அது மட்டும் அவளுக்கு அச்சாகப் பதிந்துவிட்டது. எல்லாரும் உட்கார்ந்தபின் வீட்டம்மா டீயைக் கோப்பைகளில் ஊற்றுகிறாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணின் கல்யாணத்தையும் சொத்தையும் பேசுகிறார்கள். ஒருவரும் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் தேய்ந்தவளுக்கு அதைப் பார்க்க மனம் ஆறவில்லை. முப்பத்தோரு வருஷம் அட்டைக் கடியில் கிள்ளியது இவர்கள் கையில் ஆறிப்போகவா என்றிருந்தது.

பதினெட்டாவது தடவை பார்க்கும்போதுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். அந்த டீயைக் கொண்டுவந்தது யார்? வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு வேலைக்காரப் பெண் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கதவோரம் போய் நிற்கிறாள். மூன்று நிமிஷமும் நிற்கிறாள். பிரபு அவளைப் பார்த்து மட்டும் உட்காரச் சொல்லவில்லை. பேச்சு சொத்து விஷயத்துக்கு வரும் நேரத்தில் அவள் உடம்பை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றுகிறாள். வேறு யாருக்கும் அது தெரியாது. செபமாலையம்மாளுக்குத் தெரிந்தது.

“சார், தட்டு வச்சிட்டு நிக்கால்லா அந்தப் பிள்ள, அவளுக்கு முட்டி வலிக்கி. அத இங்கிலீசுல எப்படிச் சொல்லணும்?” என்று எழுந்து கேட்டாள்.

ஜோபி பட்டியலைப் புரட்டினான். பிரபுவுக்கு விருந்துச் சாப்பாட்டால் வரும் கால் வீக்கத்துக்கு ஒரு வார்த்தை இருந்தது. வேலைக்காரிக்கு வரும் முட்டி வலிக்கு இல்லை. அவள் பேர் என்ன என்று அடுத்ததாகக் கேட்டாள் செபமாலையம்மாள். அதுவும் இல்லை. பட்டியலில் இல்லாத கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்லக்கூடாது, கஞ்சிக்கோட்டுக்கு எழுத்தில் அபேட்சை அனுப்ப வேண்டும் என்று ஜோபி தலையைச் சொறிந்தான். அவளும் விடவில்லை. அவனையே எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. முத்திரை, தேதி, எண், மிஷன் இயக்குநர் சிவப்பிரகாஷின் கையெழுத்து, எல்லாம் இருந்தன. “தங்கள் விண்ணப்பம் குழு அமைத்துப் பரிசீலிக்கப்பட்டது. பதிவேட்டின்படி மூன்றாம் காட்சியில் உள்ளோர் பதினோரு பேர். தாங்கள் குறிப்பிடும் நபர் மேற்படி காட்சியில் இல்லை. காட்சியில் இல்லாதவருக்குப் பெயரோ வலியோ இருக்க இயலாது. இனி இது குறித்துக் கடிதப் போக்குவரத்து தேவையில்லை.” செபமாலையம்மாள் அதை மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்தாள். அரசாங்கக் காகிதம் எதையும் அவள் எறிவதில்லை.

ஏப்ரலில் தேர்வு. சர்ட்டிபிகேட் தேவைப்பட்டவள் அவள் ஒருத்தி என்பதால் அவள் மட்டும் போனாள். மூணாறிலிருந்து மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி, கேரளத்திலிருந்து கேரளத்துக்குத் தமிழ்நாட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தபோது முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. கஞ்சிக்கோட்டில் வெயில் தோலை உரித்தது. ஜோபி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். நடந்துபோகும்போதே தேர்வு முறையை ஒருதடவை ஞாபகப்படுத்தினான்.

தேர்வு என்பது எழுதுவது இல்லை. மூன்றாம் காட்சியை அச்சு அசலாக நடித்துக் காட்ட வேண்டும். மார்க் போடுவதும் மனிதர்கள் இல்லை. முதல் வருஷம் மனிதர்கள் போட்டார்கள், எல்லாரும் பாஸானார்கள். எல்லாரும் பாஸாகிவிட்டால் மிஷன் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து வீடியோ எடுத்துத் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு மெஷினுக்கு அனுப்புகிறார்கள். அது அசல் காட்சியையும் தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். எல்லாருக்கும் முதலில் நூறு மார்க். காட்சியிலிருந்து விலகும் ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து குறையும். காட்சியில் வாயில் வைக்காத எதையாவது வாயில் வைத்தால் ஒரேயடியாகப் பூஜ்யம். முதல் வருஷம் தேர்வுக்கு வந்தவர்கள் மேஜையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனதால் வந்த விதி அது. மெஷின் வந்தபிறகு ஒருவரும் பாஸாகவில்லை. மிஷனும் நிம்மதியாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். மிஷன் ஊழியர்களும் இந்தத் தேர்வில் பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று மிஷனே ஓர் உத்தரவு போட்டு மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் இயக்குநர் முதல் டிரைவர் வரை பதினோரு பேரும் இரண்டு வருஷமாக வேறு வேலை எதிலும் மனம் வைக்காமல் மூன்றாம் காட்சியையே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரபு சிவப்பிரகாஷ். கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து வரும் சூப்பிரண்டு சரஸ்வதியம்மாள், டீ ஊற்றும் வீட்டம்மா. ஜோபி குதிரைக்காரன். டிரைவர் பாதிரியார். இந்த வருஷம் மெஷினால் ஒரு மார்க்கூடக் குறைக்க முடியாது என்று எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தது.

செபமாலையம்மாள் ஹாலுக்குள் போனபோது பதினோரு நாற்காலிக்கும் ஆள் இருந்தது. கம்பளிக் கோட்டில் வியர்த்து வழிந்துகொண்டிருந்த சிவப்பிரகாஷ் அவளை மேலும் கீழும் பார்த்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

“ஏனுங்கம்மா, வேசம் எல்லாம் முடிஞ்சு போச்சுங்க. ஆனா தட்ட யாராச்சும் கொண்டாந்து வெக்கோணுமில்லீங்க. நீங்க அதச் செஞ்சுட்டு கதவோரமா நின்னுக்குங்க.”

அந்த ஆள் காட்சியிலேயே இல்லை என்று எழுதியிருந்தீர்களே, இல்லாத ஆளுக்கு மார்க் எப்படி வரும் என்று அவள் கேட்டாள்.

“மார்க்கு வராதுங்க. பங்கேற்பு வருமுங்க. மார்க்கு மெஷின் போடறது, பங்கேற்பு நாம மனசாரப் போடறதுங்க. நம்ம மிஷன்ல இதுவரைக்கும் பங்கேற்புல பெயிலானவங்க யாருமே இல்லீங்க.”

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பத்து மாதம், நான்கு பஸ், இரண்டு முட்டி. பேச ஒரு வார்த்தைகூடத் தராமல் பேச்சுத் தேர்வில் நிற்கச் சொல்கிறார்கள். ஊருக்குப் போனதும் லயத்து வீட்டைக் காலி செய்வது ஒன்றுதான் பாக்கி. ஆனாலும் சொன்ன வேலையைச் செய்யாமல் திரும்பிப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. தட்டை எடுக்கப் பின்னால் இருந்த சமையலறைக்குப் போனாள்.

டீ ஜாடியின் மூடியைத் திறந்து பார்த்தவள் திகைத்துப்போனாள். உள்ளே இருந்தது குழாய்த் தண்ணீரில் கலக்கிய பழுப்புச் சாயம். இரண்டு வருஷமாக இதையா ஊற்றுகிறார்கள் என்று ஜோபியைக் கேட்டாள். யாரும் குடிக்கப்போவதில்லையே அக்கா என்றான் அவன். அவளுக்கு அத்தனை நேரம் வராத கோபம் அப்போது வந்தது.

“என்ன வேணாலும் சொல்லுங்க தம்பி. சாயத் தண்ணியத் தூக்கிட்டு நிக்கிறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு.”

இதில் சூது ஒன்றும் இல்லை. அவள் பையில் எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத்தூள் பொட்டலம் எப்போதும் இருக்கும். அடுப்பைப் பற்றவைத்தாள். பால், சர்க்கரை, தட்டித் தோலோடு போட்ட ஒரு துண்டு இஞ்சி. இறக்கி, வடிகட்டி, ஆற்றி, சாயத்தைக் கொட்டிக் கழுவிய ஜாடியில் ஊற்றி மூடினாள். கேமராவைச் சரிசெய்வதிலேயே மத்தியானம் முழுக்கப் போயிருந்தது. தேர்வு நாள் என்பதால் கேன்டீனுக்கு விடுமுறை. பதினோரு பேரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதையும் பார்க்கவில்லை. அவள் தட்டோடு உள்ளே நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

காட்சி அற்புதமாக ஆரம்பித்தது. பிரபு பத்துப் பேரையும் ஒருவர் பின் ஒருவராக உட்காரச் சொன்னார். செபமாலையம்மாள் தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். சரஸ்வதியம்மாள் ஜாடியைச் சாய்த்தார். இஞ்சி மணம் ஹால் முழுக்கப் பரவியது. பதினோரு கோப்பையிலும் ஆவி பறந்தது. டிரைவர் பாதிரியாரின் மூக்கு முதலில் அசைந்தது. ஒருவரும் குடிக்கவில்லை. சிவப்பிரகாஷ் கோப்பையைப் பிடித்தபடி மகளின் சொத்தைப் பற்றிய தன் நீண்ட வசனத்துக்கு வந்தார். “மை டாட்டர்ஸ் இன்ஹெரிட்டன்ஸ்” என்றார். அரசாங்கத்தில் இருபத்தாறு வருஷம் நாலு மணிக்கு டீ குடித்த கை அது. அவர் உத்தரவுக்குக் காத்திராமல் அது தானாகவே உயர்ந்தது. ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். சக்கரை மட்டும் கொஞ்சம் கம்மிங்க என்றார்.

அதற்குமேல் யார் யாரைத் தடுப்பது. சரஸ்வதியம்மாள் ஆசாரத்துக்குக் கோப்பையை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பாதிரியார் இரண்டாவது கோப்பை கேட்டார். குதிரைக்காரன் பிஸ்கட்டை முக்கித் தின்றான். கேமரா சிவப்பு விளக்கோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கதவோரம் நின்றிருந்த செபமாலையம்மாளுக்கு முட்டி விண்ணென்று தெறித்தது. வலி தாங்காமல் உடம்பை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொண்டாள். வேறு ஒன்றும் அவள் செய்யவில்லை.

மூன்று வாரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து முடிவு வந்தது. பதினோரு பேருக்கும் பூஜ்யம். செபமாலையம்மாளுக்கு நூற்றுக்கு நூறு. மெஷின் பதிவேட்டைப் படிப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறது. படத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் தட்டை வைத்த இடம், நின்ற இடம், கால் மாற்றிய நேரம் எல்லாம் அசலோடு அப்படியே பொருந்துவதாகவும், மிஷன் வரலாற்றிலேயே இப்படி ஒரு நடிப்பு இல்லை என்றும் அது எழுதியிருந்தது. சர்ட்டிபிகேட்டில் முந்நூறு வார்த்தைகளிலும் முழுத் தேர்ச்சி என்று தங்க எழுத்தில் போட்டு அனுப்பினார்கள். மானேஜர் அதைச் சட்டம் போட்டுக் கவுண்டரில் மாட்டினார்.

கஞ்சிக்கோட்டில் அவசரக் கூட்டம் நடந்தது. சிவப்பிரகாஷ் பேசினார். அந்தப் பேச்சை மிஷன் பின்னால் கையேடாகவே அச்சிட்டது.

“மூணு வருசமா நாம ஒரே தப்பத்தானுங்க செஞ்சிருக்கறோம். இங்கிலீசு கத்துக்க வந்தவங்கள இங்கிலீசு பேச வெச்சோமுங்க. பேசுனா தப்பு வருது, தப்பு வந்தா மார்க்கு போகுது. பேசாத வார்த்தையில யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாதுங்க. இந்தம்மா நமக்கு வழி காட்டிட்டாங்க.”

அப்படியே சட்டமாகிவிட்டது. அடுத்த தேர்வில் மலைநாடு முழுவதிலிருந்தும் வந்த அறுநூற்று நாற்பது பேருக்கும் ஒரே வேஷம்தான். வெள்ளைத் தொப்பி வைத்து, தட்டைப் பிடித்து, மூன்று நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றார்கள். நடுவில் எல்லாரும் சேர்ந்து கால் மாற்றினார்கள். அறுநூற்று நாற்பது பேரும் நூற்றுக்கு நூறு. மிஷன் ஊழியர்களும் அந்தக் கூட்டத்தில் நின்று நிரந்தரமானார்கள். சிறந்த மொழிப் பணிக்கான கேடயம் மிஷனுக்கே கிடைத்தது.

ஓணம் சமயத்தில் டீ கவுண்டர் திறந்தது. செபமாலையம்மாள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். முட்டி அவளுக்கு நன்றி சொன்னது. வருகிறவர்களில் பாதிப் பேர் உடுமலை, பொள்ளாச்சி, திருப்பூர். மீதிப் பேர் கொச்சி. ஏனுங்க ரெண்டு டீ என்பார்கள், அல்லது சேச்சி ரெண்டு சாயா என்பார்கள். அவளிடம் இதுவரை யாரும் ஆங்கிலத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஜோபி ஜீப்பில் வந்து இறங்கினான். முகம் சரியில்லை. கையில் ஒரு உத்தரவு. தமிழில் படித்துக் காட்டினான். பணிப்பெண் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்கள் தேர்வின்போது கடைப்பிடித்த நிலையையே வேலை நேரம் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும். அதாவது தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சர்ட்டிபிகேட் ரத்து. சர்ட்டிபிகேட் போனால் வேலை போகும். வேலை போனால் வீடு. இதை நானாக எழுதவில்லை அக்கா என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

செபமாலையம்மாள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பிளாஸ்டிக் கவரைத் திறந்து, ரேஷன் கார்டை ஒதுக்கி, மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“இதையும் வாசிங்க தம்பி. ரெண்டுலயும் ஒரே சாரு கையெழுத்துதான? அந்தப் பிள்ள காட்சியிலயே இல்லன்னு முத்திர குத்திக் குடுத்திருக்காக. இல்லாதவ எப்பிடி நிப்பா?”

ஜோபி இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தான். பிறகு கஞ்சிக்கோட்டுக்கு போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தான். விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் யாரோ ஏசியை நிறுத்தினார்கள். அந்தக் கடுதாசி அசலா நகலா என்று சிவப்பிரகாஷ் விசாரித்தார். அசல் என்றான் ஜோபி.

“அப்ப அந்தம்மா உக்காந்துக்கட்டுமப்பா. எழுத்துல குடுத்தது தப்புன்னு நாமளே சொன்னா மிஷனுக்கு மரியாதை போயிருமில்ல. மத்த அறுநூத்துச் சொச்சம் பேருகிட்டயும் இப்படிக் கடுதாசி ஏதாச்சும் இருக்குதான்னு மட்டும் பாத்துக்க.”

போனை வைத்த பிறகும் ஜோபி ஜீப்புக்குப் போகத் தெரியாமல் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விடிகாலையில் கிளம்பி வந்தவன். செபமாலையம்மாள் ஒரு கிளாஸில் டீயை ஊற்றினாள். பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த இன்னொரு ஸ்டூலை நிமிர்த்தி, பிரபுவைப் போலவே கையை நீட்டி, அவரைப் போலவே இழுத்துச் சொன்னாள்.

“ப்ரே, பி சீட்டட்.”

ஜோபி உட்கார்ந்தான். முந்நூறு வார்த்தையில் மூன்றுதான், ஆனால் ஒரு மனுஷனை உட்காரவைக்க அது போதுமானதாக இருந்தது. அவள் தனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் டீ ஆறிப்போவதற்குள் குடித்தார்கள்.